பொட்டு வைத்த பக்கம்

வேங்கிக்காலில் சந்திரம்மாளின் வாய்க்குத் தப்பியவர்கள் இரண்டே வகை. ஒன்று, இன்னும் அவள் கண்ணில் படாதவர்கள். இன்னொன்று, மல்லாட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் ஷெட்டுக்கு வருகிற விவசாயிகள். ஊர் உலகம் நிலக்கடலை என்பதைத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். அதை உடைத்துப் பருப்பு வேறு தோல் வேறாகப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்றை இருபத்தெட்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள் சந்திரம்மாள். மூட்டை கொண்டுவராத மற்றவர்களெல்லாம் அவளுக்கு வாயால் வடை சுடுகிறவர்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவள் புருஷன் தசரதனுடையது.

மெஷின் வந்தபோது அவர்கள் வீட்டைச் சுற்றி வயல்தான். பிறகு கலெக்டர் ஆபீஸ் பக்கமெல்லாம் புது வீடுகள் முளைத்து, தூசி பறக்கிறது, சத்தம் கேட்கிறது என்று மாடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் குடிவந்தார்கள். சந்திரம்மாள் அவர்களை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. பெல்ட் மாற்றுவது, பேரிங் மாற்றுவது, சல்லடை மாற்றுவது எல்லாம் அவளேதான். கீழ்பென்னாத்தூரில் பிறந்து, பத்தாவதில் ஃபெயிலாகி, பத்தொன்பது வயதில் தாலி கட்டிக்கொண்டு வந்தவளுக்கு யாரும் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. மெஷின் நின்றுபோகும், விவசாயி மூட்டைமேல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பான், அந்த அவசரத்தில் கற்றுக்கொண்டாள். லைன்மேன் டிரான்ஸ்பார்மரில் கை வைத்துவிட்டுப் போனால் சில சமயம் கரண்டு மாறி வந்து மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அடுத்த தெரு மாவு மில்லில் அப்படிச் சுற்றினால்கூட, சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, “ரெண்டு ஒயர மாத்திப் போடச் சொல்லு அந்த வெங்காயத்த” என்று ஆளனுப்புவாள்.

சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பெயர் மெஷின்காரம்மா. சந்திரம்மாள் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது வேலை கம்மிதான். கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் விதைக்கு உடைக்க வருவார்கள், ஆடியில் கொஞ்சம் வருவார்கள். வருஷத்தில் ஒன்றரை மாசம் ஓடினால் ஜாஸ்தி. அந்த ஒன்றரை மாசத்தில்தான் அவள் ஒரு ஆள். மீதி நாளெல்லாம் தசரதன் வீட்டம்மா, கோபியோட அம்மா, மூன்றாம் நம்பர் வீட்டுக் கிழவி. மெஷின் போய்விட்டால் வருஷம் பூராவும் அதுதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தசரதன் கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருஷம் ஆபீஸ் ஜீப்பின் பின்பக்கம், ஃபைல் கட்டுகளுக்கு நடுவே முட்டியை மடக்கி உட்கார்ந்து போனவர். முன்சீட் அதிகாரிக்கு. அந்த ஆறாத குறையோ என்னவோ, ஓய்வு பெற்ற அடுத்த மாசமே செங்கம் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கல் குவாரியிலிருந்து, முள்ளுச்செடிக்குள் புதைந்திருந்த பழைய ராணுவ வண்டி ஒன்றைக் கிரேனில் தூக்கிவந்து சந்திரம்மாளின் ஷெட் வாசலில் இறக்கினார். ஜீப்பைவிடப் பெரிசு, லாரியைவிடச் சின்னது. நாலு சக்கரமும் இழுக்கும், மலையானாலும் சேறானாலும் ஏறிவிடும் என்றார். அன்றைக்கு அது ஏறவேண்டியிருந்தது ஷெட்டின் வாசற்படி ஒன்றைத்தான். அதற்கே எட்டுப் பேர் தள்ளினார்கள்.

“குடும்பமே சேர்ந்து இத எழுப்பி நிக்க வெக்கப் போறோம் சந்திரா” என்றார் தசரதன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. தள்ளியதில் அவர் பங்கு கையைத் தட்டியது.

“குடும்பமே சேர்ந்து ஒரு வாட்டி கொசுவலை கட்டுனோம். அது யாரு தலைல விழுந்துச்சுன்னு ஞாபகம் கீதா?” என்றாள் சந்திரம்மாள்.

ஞாபகம் இருந்தது. ஆனால் தசரதன் அதற்குள் ஒரு நோட்டை எடுத்து வேலைப் பங்கீடு எழுத ஆரம்பித்துவிட்டார். மூத்தவன் கோபி ரமணாசிரமம் பக்கத்தில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன். வண்டி தயாரானதும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று கனவு கண்டான். அவனுக்கு இன்ஜினும் ஓட்டுவதும். இளையவன் மாறன் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். உலகத்தில் உள்ள எல்லா வித்தையும் வீடியோவில் இருக்கிறது என்பது அவன் கட்சி. அவனுக்கு அச்சும் சக்கரமும். வீடியோவில் எவனோ இருபது நிமிஷத்தில் கழற்றிய போல்ட்டை மாறன் இருபது நாள் கழற்றினான். கோபியின் பெண்டாட்டி எழிலரசிக்குச் சுத்தம் செய்வதும் படம் எடுப்பதும். சந்திரம்மாளின் பெயருக்கு நேரே ‘டீ மற்றும் இதர உதவிகள்’ என்று எழுதியிருந்தது. பேரிங் மாற்றி மாற்றிக் காய்த்துப்போன அந்தக் கைக்கு டீ. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதே அந்த வீட்டில் ஒரு செய்திதான், ஆனால் யாரும் கவனிக்கவில்லை.

ஆடி வந்தது. விவசாயிகள் மூட்டையோடு வந்தால் ஷெட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. வண்டி நடு ஷெட்டில் வாசலைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால், சுவரோரமாக, மெஷின் ஒண்டிக்கொண்டிருந்தது. தரை பூராவும் கழற்றிப் போட்ட சாமான். சந்திரம்மாள் கத்தித் தீர்த்தாள்.

“அந்தப் பழைய மெஷின எடுத்துட்டா எடம் தாராளமா இருக்கும்மா. வருஷத்துல முக்காவாசி நாளு சும்மாதான தூங்குது” என்றான் கோபி.

“உங்க நைனாகூடத்தான் சும்மா தூங்குறாரு. அவரையும் எடுத்துடலாமா?”

தசரதனுக்குச் சுருக்கென்றது. “சரி, ஒரு பேச்சு. கார்த்திக முடியறதுக்குள்ள இந்த வண்டி தன் கால்ல மலைய ஒரு சுத்து சுத்தி வந்துட்டா, போகி அன்னிக்கு உன் மெஷின் காயலான் கடைக்குப் போவணும். சுத்தலன்னா வண்டி போவும். ஒத்துக்கிறியா?”

“அண்ணாமலையாரு மேல சத்தியமா?”

“சத்தியமா.”

சந்திரம்மாள் ஒத்துக்கொண்டாள். இந்தக் கூட்டம் எதையும் முடிக்காது என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம்தான் மாறன் பின் அச்சிலிருந்து இரும்புக் கூண்டைக் கழற்றினான். இன்ஜினிலிருந்து வருகிற சுற்றலை வாங்கிச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பெரிய பல்சக்கரம் அதற்குள்தான் இருக்கிறது, கிரவுன் என்பார்கள். அடியில் தட்டு வைக்க எவனுக்கும் தோன்றாததால் கறுப்பு எண்ணெய் ஷெட் பூராவும் ஓடியது. சந்திரம்மாள்தான் மல்லாட்டைத் தோலை ஒரு கூடை அள்ளிவந்து கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டாள். குனிந்து கொட்டும்போது பார்த்தாள், பெரிய பல்சக்கரம் வீட்டுப் பக்கமாக இருந்தது. எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பது அவள் கண்ணுக்குப் பழக்கம். அவ்வளவுதான்.

தசரதன் ஒவ்வொரு சாமானுக்கும் ஃபைலுக்குக் கட்டுகிற மாதிரி நூலில் சீட்டுக் கட்டி, நம்பர் போட்டு, மேல் எது கீழ் எது என்று எழுதிவைத்தார். அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எழிலரசி அத்தனை சாமானையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். சீட்டெல்லாம் கூழாகிப் போயிற்று. மறுநாள் பளபளவென்று சாக்கின் மேல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தார்கள். கிரவுன் கூண்டு குப்புற வைத்தால்தான் ஆடாமல் நின்றது. அப்போது மேலே வந்திருந்த அதன் அடிப்பக்கத்தில் தசரதனே தன் கையால் பெரிய பொட்டாக வைத்தார். மெஷினுக்குச் சந்திரம்மாள் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் இன்ஜின் கிளம்பிவிட்டது. அதில் பெரிய கோளாறே இல்லை, குவாரிக்காரன் சாவியைத் தொலைத்துவிட்டுத்தான் வண்டியை விட்டிருந்தான் போலிருக்கிறது. ஆனால் கோபி சந்திரனுக்கு ராக்கெட் விட்டவன் மாதிரி தெருவில் நடந்தான். அன்றிரவு சந்திரம்மாள் ஷெட்டில் விளக்கைப் போட்டு, இன்னும் மாட்ட வேண்டிய சாமான்களை எண்ணிப் பார்த்தாள். முடித்துவிடுவார்களோ?

இரண்டு நாள் கழித்துக் கூண்டை மாட்டினார்கள். சந்திரம்மாள் டீத் தட்டோடு நின்றாள். கோபியும் மாறனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். போல்ட் ஓட்டைகள் சுற்றிலும் ஒரே அளவு. எப்படித் திருப்பி வைத்தாலும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

“இதுல மேல எது நைனா?” என்றான் மாறன். “வீடியோல இந்த மாடல் இல்ல.”

தசரதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பொட்டு கீதே, தெரியல? பொட்டு வெச்ச பக்கம் மேல. சாமிக்கு வெச்ச பொட்ட ரோட்டப் பாத்தா வெப்பாங்க?”

அப்படியே மாட்டினார்கள். வீட்டுப் பக்கம் இருந்த பெரிய பல்சக்கரம் இப்போது எதிர்ப்பக்கம், தென்னை மரத்துப் பக்கம் போய் உட்கார்ந்தது. சந்திரம்மாளின் கண்ணுக்கு அது ஒரு நொடியில் பட்டது. இனி முன்னால் போகிற கியரைப் போட்டால் வண்டி பின்னால் போகும். ஒயர் மாறின மோட்டார் மாதிரிதான். இன்ஜினைக் கிளப்பியவன், பட்டணத்துக் கம்பெனிக்காரன், சூப்பிரண்டு, மூன்று பேர் சுற்றி நின்று ஒரு பொட்டைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள்.

“இன்னா சந்திரா அப்படிப் பாக்கற?” என்றார் தசரதன்.

வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் சரிசெய்துவிடுவார்கள், வண்டி மலையைச் சுற்றும், மெஷின் போய்விடும்.

“டீ ஆறிப்போவுது” என்றாள்.

அன்றையிலிருந்து அவளுக்கு ஒரு குஷி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. பூஜை போடாமல் சக்கரம் சுற்றக்கூடாது என்று தசரதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயிண்ட் அடித்தார்கள், சீட்டுக்கு உறை தைத்தார்கள். பூஜை தெருவில், மலையைப் பார்த்து, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு என்று ஏற்பாடு. அத்தனை பேர் முன்னால் வண்டி பின்னால் போகப்போகிறதை நினைத்துச் சந்திரம்மாள் அரிசி களையும்போதுகூடச் சிரித்துக்கொண்டாள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். நீங்க கேக்கல.

கார்த்திகைக் கடைசி வெள்ளி. ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகுகாலம். நாலு நாளில் மார்கழி பிறந்துவிடும். அந்த மாசத்தில் தசரதன் புதுச் செருப்புகூட வாங்க மாட்டார். விடியற்காலை பிடித்த மழை விடுகிறதாக இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் எவரும் வரவில்லை. பத்து மணி அடித்ததும் தசரதன் பொறுமை இழந்தார்.

“உள்ளயே பூஜையப் போட்டு எடுத்துடலாம். வாசல் மலையப் பாத்துதான கீது. நேரா வெளிய வந்து, அப்படியே கிரிவலம் போய்டலாம்.”

கற்பூரத் தட்டோடு வந்த சந்திரம்மாள் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். வண்டியின் வாலுக்கும் மெஷினுக்கும் நடுவே நாலடி இருந்தால் அதிகம். நேற்றுத்தான் பெல்ட் மாட்டி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் சகாதேவன் விதை மல்லாட்டையோடு இன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இந்தப் பருவத்தின் முதல் மூட்டை.

“வெளிய தள்ளிக்கினு போயி எடுங்களேன்” என்றாள்.

“இந்த மழைல யாரு தள்றது?” என்றான் மாறன்.

சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தசரதன் ஈர வேட்டியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முப்பத்து நாலு வருஷம் கழித்துக் கிடைத்த முன்சீட்; முதுகு நிமிர்ந்திருந்தது. கோபி சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது. இப்போது சொன்னால் இரண்டு மணி நேர வேலை, சரிசெய்துவிடுவார்கள், நாலு நாள் இருக்கிறது, போகிக்கு மெஷின் போய்விடும். சொல்லாவிட்டால் இப்போதே போய்விடும்.

“கோபி, ஃபர்ஸ்ட்ல போடாத. வண்டி பின்னால வரும்” என்றாள் சந்திரம்மாள்.

மாறன் சிரித்தான். “அம்மா ஆரம்பிச்சிட்டாங்க.”

“நெஜமா சொல்றேண்டா. கூண்டத் தலைகீழா மாட்டிக்கினு கீறீங்க.”

“அத்தை, இன்னொரு வாட்டி சொல்லுங்க, வீடியோல சரியா விழல” என்றாள் எழிலரசி, போனைத் திருப்பிக்கொண்டு.

“நல்ல காரியத்துல வாய வெக்காத சந்திரா” என்றார் தசரதன், திரும்பிப் பார்க்காமலே.

பத்து மாசமாக அந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன நக்கல் எத்தனையோ. இதுவும் அதில் ஒன்றாகப் போயிற்று. கோபி கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்தது. இரும்பும் இரும்பும் மோதின சத்தத்தில் மாடி வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. பதறிப்போன கோபி, நாலு சக்கரமும் இழுத்தால் வெளியே வந்துவிடும் என்று, கியருக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தையும் சேர்த்துவிடுகிற சின்னக் குச்சியை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். முன்சக்கரம் வாசலுக்கும் பின்சக்கரம் சுவருக்கும் இழுக்க, வண்டி நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் வந்தமாதிரி உதறியது. எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

“நிறுத்து. சின்னக் குச்சிய பழையபடி தள்ளு” என்றாள் சந்திரம்மாள். “ரிவர்ஸ்ல போடு.”

கோபி அவள் சொன்னபடி போட்டான். வண்டி சாதுவாக முன்னால் நகர்ந்து, நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றது.

மெஷினின் இரண்டு கால்கள் உடைந்திருந்தன. நடு வார்ப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல், விரலை விடலாம். வார்ப்பிரும்பு உடைந்தால் வெல்டிங் நிற்காது. அதைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. சந்திரம்மாள் விரிசலைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு அவள் வைத்த பொட்டு அதன் நெற்றியில் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அந்த வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

தசரதன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“மாட்டும்போதே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

இரண்டு மாசமாகக் கூர்தீட்டி வைத்திருந்த பதில் இருந்தது. “நீங்க கேக்கல” என்று சொன்னாள். சொன்னதும் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. வண்டியைக் கெடுத்தது அவர்கள் முட்டாள்தனம். மெஷினைக் கெடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

தசரதன் திட்டவில்லை. “கேட்டிருக்கணும்” என்றார். யாரும் பந்தயப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சகாதேவன் இறங்கினான். “மெஷின்காரம்மா, மூட்டைய எறக்கட்டா?” என்று கூவினான்.

அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்பதுபோல நின்றாள். அவன் உள்ளே வந்து, மெஷினைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தான். “ஐயய்யோ. அடுத்த வாரம் வெதைக்கணுமே” என்றான்.

சந்திரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எறக்கு. கையால ஒடச்சித் தரோம்.”

“ரெண்டு மூட்டையவா? யாரு ஒடைக்கிறது?”

“இதோ நிக்குதே, குடும்பமே சேர்ந்து” என்றாள். “எழிலு, அந்தப் போன வெச்சிட்டு நாலு முறம் எடுத்தா.”

சாக்கை விரித்து மூட்டையை அவிழ்த்தார்கள். கோபியும் மாறனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே தசரதன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மல்லாட்டையை எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் முக்கி முக்கி அமுக்கிக்கொண்டிருந்தார். அது நசுங்கியதே தவிர உடையவில்லை. பருப்பு சிதைந்தால் விதைக்கு ஆகாது. சந்திரம்மாள் சற்று நேரம் அவர் கையையே பார்த்தாள்.

“அந்தப் பக்கம் இல்ல” என்றாள். “மூக்கு கீது பாருங்க, அந்தப் பக்கத்த அமுக்குங்க. தானா பொளக்கும்.”

அவர் கேட்காமலேதான் சொன்னாள்.